கசியவே இல்லை, நம்புங்கள்

இந்தியாவில் அரசாங்கக் கம்ப்யூட்டர் எதற்குள் வேண்டுமானாலும் ஆள் புகுந்துவிடலாம். மருத்துவமனை சர்வருக்குள் புகுந்திருக்கிறார்கள். அணுமின் நிலையத்தின் அலுவலகக் கம்ப்யூட்டருக்குள் புகுந்திருக்கிறார்கள். சென்னைக் கோட்டைக்குள் இருக்கும் துறையின் கோப்புகளைக்கூடப் பூட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள். ஒன்றே ஒன்றை மட்டும் இதுவரை எந்த நாட்டு ஹேக்கராலும் அசைக்க முடியவில்லை. அது மறுப்பறிக்கை. சர்வர் படுத்தாலும் அது படுக்காது, பண்டிகை நாளிலும் வரும், வெளியே போன தகவலைவிட வேகமாக வெளியே போகும். நமது டிஜிட்டல் கட்டமைப்பில் நூற்றுக்கு நூறு நம்பகமான ஒரே சேவை அதுதான் என்பதால், அதன் வரலாற்றை யாராவது முறையாக எழுதிவைக்க வேண்டாமா?

கூடங்குளத்திலிருந்து தொடங்கலாம். 2019 அக்டோபர் 28 அன்று, சந்தேகத்துக்குரிய கோப்புகளைப் பரிசோதிக்கும் வைரஸ்டோட்டல் தளத்தில் டிட்ராக் வகை மால்வேர் ஒன்று ஏற்றப்பட்டிருப்பதைப் பாதுகாப்பு ஆய்வாளர்கள் கவனித்தார்கள். பிரித்துப் பார்த்தால், உள்ளே கூடங்குளம் அணுமின் நிலையத்தின் ஆங்கிலச் சுருக்கப் பெயர் இருந்தது. உள் வலையமைப்பின் முகவரி இருந்தது. நிர்வாகியின் கணக்குப் பெயரும் பாஸ்வேர்டும் இருந்தன. போகிற போக்கில் ஒட்டிக்கொண்ட வைரஸ் இல்லை இது, விலாசம் தெரிந்து வந்தது.

மறுநாள் நிலையத்திலிருந்து அறிக்கை வந்தது. சமூக ஊடகங்களில் பொய்த் தகவல் பரப்பப்படுகிறது. நிலையத்தின் கட்டுப்பாட்டு அமைப்புகள் தனித்து இயங்குபவை, இணையத்தோடு தொடர்பே இல்லாதவை. அவற்றின் மீது சைபர் தாக்குதல் சாத்தியமே இல்லை. கூடவே, முதல் உலை 1000 மெகாவாட்டிலும் இரண்டாவது உலை 600 மெகாவாட்டிலும் ஓடிக்கொண்டிருப்பதாக ஒரு வரி. வைரஸ் வந்ததா என்று கேட்டவர்களுக்கு மெகாவாட் கணக்கு சொன்ன அறிக்கை உலகத்திலேயே இது ஒன்றாகத்தான் இருக்கும்.

அதற்கும் மறுநாள், அக்டோபர் 30 அன்று, இந்திய அணுமின் கழகம் இன்னோர் அறிக்கை விட்டது. மால்வேர் கண்டறியப்பட்டது சரிதான். நாட்டின் கணினி அவசர நடவடிக்கைக் குழுவான செர்ட்-இன் செப்டம்பர் 4ஆம் தேதியே கவனித்துத் தெரிவித்துவிட்டது. பாதிக்கப்பட்டது நிர்வாக வேலைக்காக இணையத்தில் இணைந்திருந்த ஒருவரின் கம்ப்யூட்டர். முக்கியமான உள் வலையமைப்பு அதனோடு தொடர்பில்லாதது.

கடைசி வரியை நம்புவோம். உலைக்கு ஆபத்து வந்ததாகச் சொல்ல என்னிடம் ஆதாரம் எதுவும் கிடையாது. தேதிகளை மட்டும் பாருங்கள். செப்டம்பர் 4இல் தெரியும். அக்டோபர் 29இல் பொய். அக்டோபர் 30இல் உண்மை. 56 நாள் கையில் வைத்திருந்த சேதியை, ஊருக்கெல்லாம் தெரிந்த பிறகு, ஒரு நாள் மறுத்துப் பார்த்துவிட்டு ஒப்புக்கொண்டார்கள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கலாம் என்ற நம்பிக்கை அணு விஞ்ஞானத்திலும் செல்லுபடியாகிறது.

இணையத்தோடு தொடர்பில்லை, ஆகவே தாக்குதல் சாத்தியமில்லை என்ற தர்க்கத்தையும் கொஞ்சம் கவனிக்க வேண்டும். ஈரானின் நடான்ஸ் யுரேனியச் செறிவூட்டல் நிலையமும் இணையத்தோடு தொடர்பில்லாததுதான். அங்கே சுழல்கலன்களைச் சிதைத்த ஸ்டக்ஸ்நெட் வெளிச்சத்துக்கு வந்தது 2010இல். யுஎஸ்பி வழியாகப் பரவக்கூடிய வகையில்தான் அதை எழுதியிருந்தார்கள். ஒன்பது ஆண்டு கழித்தும் “சாத்தியமே இல்லை” என்று எழுதத் துணிந்தவர் அந்தச் செய்தியைப் படிக்காதவராக இருக்க வேண்டும், அல்லது நாம் படிக்கவில்லை என்று நினைத்தவராக இருக்க வேண்டும். இதே உலை பாதுகாப்பானதுதானா என்று 2011இலும் 2012இலும் கேட்ட இடிந்தகரை மக்கள் ஆயிரக்கணக்கானோர் மீது தேசத்துரோக வழக்குப் போட்டார்கள். மீன் பிடிக்கிறவனுக்கு அணுவைப் பற்றி என்ன தெரியும் என்று ஏளனம் வேறு. அணுவைப் பற்றித் தெரிந்தவர்களுக்குப் பாஸ்வேர்டைப் பற்றித் தெரிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

மறுப்புக் கலையின் இரண்டாம் பாடம், ஓட்டையைக் காட்டியவனைப் பிடிப்பது. 2018 ஜனவரியில் ‘தி ட்ரிப்யூன்’ நாளிதழ் ஒரு செய்தி வெளியிட்டது. 500 ரூபாய் கொடுத்தால் பத்து நிமிடத்தில் ஒரு லாகின் கிடைக்கிறது, அதில் எந்த ஆதார் எண்ணைப் போட்டாலும் பெயர், முகவரி, புகைப்படம், தொலைபேசி எண் எல்லாம் வருகின்றன என்பது செய்தி. ஆதார் ஆணையம் இரண்டு காரியம் செய்தது. தகவல் எதுவும் கசியவில்லை என்றது. பிறகு போலீஸில் புகார் கொடுத்தது. அந்த எஃப்.ஐ.ஆரில் செய்தியை எழுதிய நிருபரின் பெயரும் இருந்தது. ஒன்றுமே கசியவில்லை என்றால் புகார் எதற்கு என்று கேட்கக் கூடாது, அது அரசியல் ஆகிவிடும்.

அதே ஆண்டு மார்ச்சில் ஆதார் வழக்கு விசாரணையின்போது, தகவல்கள் 13 அடி உயரமும் 5 அடி தடிமனும் உள்ள மதிலுக்குப் பின்னால் பத்திரமாக இருக்கின்றன என்று அரசின் தலைமை வழக்கறிஞர் கே.கே. வேணுகோபால் உச்ச நீதிமன்றத்தில் சொன்னார். கண்ணாடி இழை வழியாக நொடியில் கண்டம் தாண்டும் தகவலுக்குச் செங்கல்லும் சிமெண்டும் காவல். அகழி வெட்டி முதலை விடாதது ஒன்றுதான் குறை. நூற்றுப் பத்துக் கோடிப் பேருக்கு மேற்பட்டவர்களின் கைரேகையை வைத்திருக்கும் அரசு, அது எப்படிப் பாதுகாக்கப்படுகிறது என்று நாட்டின் உச்ச நீதிமன்றம் கேட்டபோது, சுவரின் அளவைச் சொன்னது.

அந்த ஆண்டு ஜூலையில், ஆதார் ஆணையத்தின் முன்னாள் தலைமை இயக்குநரும் அன்றைய தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணைய (டிராய்) தலைவருமான ஆர்.எஸ். சர்மா தன் ஆதார் எண்ணை ட்விட்டரில் போட்டு, இதை வைத்து எனக்கு என்ன தீங்கு செய்ய முடியும், செய்து காட்டுங்கள் என்று சவால் விட்டார். சில மணி நேரத்தில் அவருடைய செல்பேசி எண், பான் எண், பிறந்த தேதி எல்லாவற்றையும் ஆட்கள் வரிசையாக எடுத்துப் போட்டார்கள். சிலர் அவர் வங்கிக் கணக்கில் ஒரு ரூபாய் போட்டு ரசீதும் காட்டினார்கள். இவையெல்லாம் ஏற்கெனவே இணையத்தில் கிடப்பவை, ஆதாரிலிருந்து எடுத்தவை அல்ல என்றது ஆணையம். மூன்றே நாளில், பொதுமக்கள் யாரும் தங்கள் ஆதார் எண்ணை இணையத்தில் போட வேண்டாம், இப்படிச் சவாலும் விட வேண்டாம் என்று அறிவுரை வெளியிட்டது. சரி, இவ்வளவு துணிச்சலான மனிதரை வீணாக்கலாமா? 2021இல் கொரோனா தடுப்பூசிப் பதிவுக்கான கோவின் திட்டத்தை மேற்பார்க்கும் அதிகாரக் குழுவுக்குத் தலைவராக்கினார்கள்.

2023 ஜூன் 12 அன்று அந்தக் கோவினின் முறை வந்தது. டெலிகிராமில் ஒரு பாட். அதில் செல்பேசி எண்ணைத் தட்டினால் பெயர், பிறந்த தேதி, தடுப்பூசிக்காகக் கொடுத்த அடையாள அட்டையின் எண், எந்த மையத்தில் ஊசி போட்டுக்கொண்டார் என்பது வரை கொட்டியது. எம்.பி.க்கள், முன்னாள் அமைச்சர்கள், அதிகாரிகள் என்று பாரபட்சம் பார்க்காத பாட். சுகாதார அமைச்சகம், இது அடிப்படையற்றது, விஷமத்தனமானது, கோவின் முழுமையாகப் பாதுகாப்பானது என்று அறிக்கை விட்டது. தளத்தில் என்னென்ன தடுப்பு ஏற்பாடுகள் உண்டு என்று ஒரு பட்டியலும் அதில் இருந்தது. அன்றே மின்னணு, தகவல் தொழில்நுட்பத் துறை இணை அமைச்சர் ராஜீவ் சந்திரசேகர் வேறு விளக்கம் தந்தார். பாட் தகவலைத் தருவது நிஜம்தான். ஆனால் அது யாரோ வைத்திருக்கும், முன்பே திருடப்பட்ட தகவல் போலத் தெரிகிறது. கோவின் நேரடியாக உடைக்கப்பட்டதாகத் தெரியவில்லை.

வீட்டில் திருடு போகவில்லை, திருடனிடம் இருப்பது பழைய திருட்டுப் பொருள் என்றால் மனசுக்கு எவ்வளவு நிம்மதி! யார் திருடினார்கள், எப்போது திருடினார்கள் என்பதெல்லாம் அந்த விளக்கத்தில் இல்லை. பத்து நாளில் தில்லி போலீஸ் பீகாரில் ஒருவரைக் கைது செய்தது. கசியாத தகவலைக் கசியவிட்ட குற்றத்துக்காக உலகில் கைதான முதல் ஆள் அவராக இருக்கலாம்.

எனக்கு ஆத்திரம் வருவது வேறோர் இடத்தில். ஊசி போட்டுக்கொண்டு மையத்தை விட்டு வெளியே வருவதற்குள் செல்பேசியில் செய்தி வந்தது. பிரதமரின் படம் போட்ட சான்றிதழ் வந்தது. 200 கோடி டோஸுக்கு மேல் இப்படிக் குறுஞ்செய்தி அனுப்பத் தெரிந்த அமைப்பு அது. உங்கள் தகவல் ஒரு பாட்டின் கையில் இருக்கிறது, கவனமாக இருங்கள் என்று ஒரே ஒரு குறுஞ்செய்தி அனுப்ப அதற்குத் தெரியவில்லை. பெருமை என்றால் ஆளாளுக்குச் செய்தி, சேதம் என்றால் பத்திரிகைக்கு மறுப்பு.

மறுக்கவே முடியாத சேதமும் ஒன்று வந்தது. 2022 நவம்பர் 23 காலை தில்லி எய்ம்ஸில் சர்வர்கள் முடங்கின. பணம் கேட்டுத் தகவலைப் பூட்டிவைக்கும் ரான்சம்வேர். காகிதமே இல்லாத நிர்வாகத்துக்கு மாறப்போவதாகப் பெருமையோடு அறிவித்திருந்த மருத்துவமனை, அன்று காலை காகிதத்தைத் தேடி ஓடியது. பதிவுச் சீட்டு கையால் எழுதப்பட்டது. ரத்தப் பரிசோதனை முடிவைக் கையில் தூக்கிக்கொண்டு மாடி மாடியாக ஏறினார்கள். பீகாரிலிருந்தும் உத்தரப் பிரதேசத்திலிருந்தும் ரயிலேறி வந்து நடைபாதையில் படுத்துக் கிடந்து முறை வாங்கும் ஏழைகள் வரிசையில் நின்றார்கள். வரிசை நகரவில்லை. இரண்டு வாரம் போல இதே கதி.

பாதிக்கப்பட்டவை ஐந்து சர்வர்கள், பூட்டப்பட்டது சுமார் 1.3 டெராபைட் தகவல் என்று நாடாளுமன்றத்தில் சொன்னார்கள். காரணத்தையும் சொன்னார்கள், வலையமைப்பு முறையாகப் பகுக்கப்படவில்லையாம். அதாவது வாசலுக்கு ஒரு பூட்டு, உள்ளே எந்த அறைக்கும் கதவில்லாத வீடு. பதிவு கவுண்டரில் எவரோ ஒருவர் ஒரு மின்னஞ்சலைத் திறந்தால் ஆய்வகம் வரைக்கும் ராஜபாட்டை. இதைத் தடுக்க ராக்கெட் விஞ்ஞானம் வேண்டாம். கவுண்டர் ஒரு பிரிவு, ஆய்வகம் ஒரு பிரிவு, பில்லிங் ஒரு பிரிவு என்று பிரித்து, ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போக அனுமதி கேட்க வைத்தால் போதும். பேக்கப் எடுத்து, அதில் ஒரு பிரதியை எந்தக் கம்பியிலும் சேராமல் அலமாரியில் வைத்தால் போதும். 1.3 டெராபைட் என்பது எவ்வளவு என்று தெரியுமா? சென்னை ரிச்சி தெருவில் உள்ளங்கை அளவு ஹார்ட் டிஸ்க் ஒன்றில் அத்தனையும் அடங்கும், சில ஆயிரம் ரூபாய். பேரம் பேசினால் உறை இலவசம்.

இந்த விஷயத்தில் கடல் தாண்டியும் நமக்குச் சொந்தபந்தம் உண்டு. 2023 ஆகஸ்டில் இலங்கை அரசின் கிளவுடில் ரான்சம்வேர் புகுந்தது. சுமார் 5,000 அரசு மின்னஞ்சல் கணக்குகள் பாதிக்கப்பட்டன, அமைச்சரவை அலுவலகத்துடையதும் அதில் சேர்த்தி. மே 17 முதல் ஆகஸ்ட் 26 வரையிலான அஞ்சல்கள் திரும்பி வரவே இல்லை, ஏனென்றால் அந்தக் காலத்துக்கு ஆஃப்லைன் பேக்கப் கிடையாது. மென்பொருள் 2013ஆம் ஆண்டுப் பதிப்பு. புதுப்பிக்க வேண்டும் என்று 2021இலிருந்தே பேச்சு, பணமும் முடிவும் வரவில்லை. இத்தனையையும் பொறுப்பான நிறுவனமே வெளியே சொல்லிவிட்டது. தில்லியில் வந்து பயிற்சி எடுத்துக்கொள்ளாததன் விளைவு.

நம் கோட்டையையும் விட்டுவிடக் கூடாது. 2021 செப்டம்பரில் தமிழ்நாடு அரசின் பொதுத் துறைக் கம்ப்யூட்டர்களில் ரான்சம்வேர் புகுந்தது. முக்கியப் பிரமுகர்களின் வருகை ஏற்பாடுகளைக் கவனிக்கும் துறை அது. தாக்கியவர்கள் கேட்டது 1,950 டாலர், கிரிப்டோவில். இந்தத் தொகைதான் என்னை இன்றுவரை உறுத்துகிறது. ஒரு மாநிலத்தின் தலைமைச் செயலகத்துக்குள் நுழைந்தவன், சுற்றிப் பார்த்துவிட்டு, இந்த வீட்டுக்கு இவ்வளவுதான் பெறும் என்று போட்ட மதிப்பீடு அது.

மேலே இருப்பவர்களையே சொல்லிக்கொண்டிருந்தால் எப்படி? ஏதாவது ஓர் அரசு அலுவலகத்துக்குள் போய் நின்று பாருங்கள். மானிட்டரின் கீழ் விளிம்பில் மஞ்சள் சீட்டு ஒன்று ஒட்டியிருக்கும். அதில் பயனர் பெயர், கீழே பாஸ்வேர்ட். பெரும்பாலும் ஊர்ப் பெயரும் 123உம், பாதுகாப்பு கருதி நடுவில் ஓர் ‘அட்’ குறியும். அதிகாரியின் பாஸ்வேர்ட் உதவியாளருக்குத் தெரியும். உதவியாளருடையது டேட்டா என்ட்ரி பையனுக்குத் தெரியும். அவன் லீவு போட்டால் வேலை நின்றுவிடக் கூடாதே என்று டீ வாங்கி வரும் தம்பிக்கும் தெரியும். ஓடிபி அதிகாரியின் போனுக்கு வரும். அவர் கள ஆய்வில் இருந்தபடியே உரக்கச் சொல்வார், “நாலு, ஏழு, ரெண்டு… எழுதிக்கிட்டியாப்பா?” வரிசையில் நிற்கிற அத்தனை பேருக்கும் கேட்கும். அலுவலகப் பலகையில் தொடர்புக்கு ஒரு ஜிமெயில் முகவரி.

இவர்களைக் கேலி செய்ய மனம் வரவில்லை. மூன்று பேர் வேலையை ஒருவர் பார்க்கிறார். காலியிடம் நிரம்பவில்லை. கம்ப்யூட்டர் யாரோ கழித்துக் கொடுத்தது. சைபர் பாதுகாப்புப் பயிற்சி என்றால் ஒரு நாள் பவர்பாயிண்ட், மதியம் சாம்பார் சாதம், மாலை குழுப் படம். நாளைக்கு ஏதாவது கசிந்தால் சஸ்பெண்ட் ஆகப்போவது அந்த டேட்டா என்ட்ரி பையன். மதிலின் அளவைச் சொன்னவர்களுக்கு ஒன்றும் ஆகாது. எங்கள் பக்கத்து இ-சேவை மையத்தில் “சர்வர் டவுன் சார், நாளைக்கு வாங்க” என்பதுதான் வணக்கம். அது தாக்குதலால் படுத்திருக்கிறதா வழக்கத்தால் படுத்திருக்கிறதா என்று எந்த நிபுணராலும் பிரித்துச் சொல்ல முடியாது.

கசிவது ஒரு பக்கம், அறுவது மறுபக்கம். இந்திய இணையத்துக்கு ஓயாமல் வெட்டு விழுவது சீனாவிலிருந்தோ வட கொரியாவிலிருந்தோ அல்ல, ஜேசிபியிலிருந்து. குடிநீர் வாரியம் தோண்டும், மூடும். மின்வாரியம் தோண்டும், மூடும். கேபிள் போடுகிறவன் தோண்டும்போது ஏற்கெனவே போட்டிருந்தவனின் கேபிளை அறுப்பான். ஒருங்கிணைப்பில்லாத தோண்டலால் ஆண்டுக்குச் சுமார் 10 லட்சம் இடங்களில் கண்ணாடி இழை அறுபடுகிறது, சுமார் 3,000 கோடி ரூபாய் நட்டம் என்பது அரசே சொன்ன கணக்கு. 2023 மார்ச்சில், தோண்டுவதற்கு முன் தகவல் சொல்ல ஒரு செயலியைப் பிரதமர் வெளியிட்டார். ஜேசிபி ஓட்டுகிறவருக்கு அப்படி ஒன்று இருப்பது தெரியுமா என்று அடுத்த முறை தெருவில் பள்ளம் விழும்போது கேட்டுப் பாருங்கள். செயலியைத் திறப்பதற்கும் இணையம் வேண்டுமே என்பார்.

ஜேசிபியாவது தெரியாமல் அறுக்கிறது. தெரிந்தே அறுப்பவர் இன்னொருவர் இருக்கிறார். உலகில் இணையத்தை முடக்கும் அரசுகளைக் கணக்கெடுக்கும் அக்சஸ் நவ் அமைப்பின் பட்டியலில் 2018 முதல் 2023 வரை ஆறாண்டு தொடர்ந்து முதலிடம் இந்தியாவுக்கு. 2023இல் மட்டும் 116 முடக்கம். 2024இல் 84தான், 85 எடுத்த மியான்மர் ராணுவ ஆட்சி ஒரே ஒரு எண்ணிக்கையில் நம்மை முந்திவிட்டது. காஷ்மீரில் 2019 ஆகஸ்டில் பறித்த அதிவேக இணையத்தைத் திருப்பிக் கொடுத்தது 2021 பிப்ரவரியில். மணிப்பூரில் 2023 மே தொடங்கி, இடையில் சில நாள் தவிர்த்து, ஏழு மாதம் போலச் செல்பேசி இணையம் கிடையாது. ராஜஸ்தானில் ஆசிரியர் தேர்வில் காப்பியடிக்கக் கூடாது என்று மாவட்டம் மாவட்டமாக முடக்கினார்கள். பரீட்சைக் கண்காணிப்பாளர் செய்ய வேண்டிய வேலைக்கு ஊர் முழுக்க இருட்டு.

தூத்துக்குடி. இலங்கைக்கும் இந்தியாவுக்கும் இடையே கடலடிக் கேபிள் வந்து கரையேறும் ஊர்களில் ஒன்று. 2018 மே 22 அன்று ஸ்டெர்லைட் தாமிர ஆலைக்கு எதிராக ஊர்வலம் போனவர்கள் மீது போலீஸ் சுட்டது. 13 பேர் செத்தார்கள். மறுநாள் தூத்துக்குடி, திருநெல்வேலி, கன்னியாகுமரி மாவட்டங்களில் இணையத்தை நிறுத்தச் சொல்லி உள்துறை ஆணை போட்டது. தூத்துக்குடிக்கு அது திரும்ப ஐந்து நாள் ஆயிற்று. காரணம் வதந்தியாம். யாருடைய பிள்ளை ஆஸ்பத்திரியில், யாருடைய பிள்ளை பிணவறையில் என்று தெரியாமல் அலைந்த ஊரில், கேட்டுத் தெரிந்துகொள்ள இருந்த வழியை அடைத்துவிட்டு, வதந்தியைத் தடுத்தோம் என்றார்கள். துப்பாக்கிச் சூட்டைத் தொலைக்காட்சியில் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன் என்றார் அன்றைய முதலமைச்சர் எடப்பாடி பழனிசாமி. அது உண்மையல்ல, உயரதிகாரிகள் அவ்வப்போது அவருக்குச் சொல்லிக்கொண்டிருந்தார்கள் என்று பின்னால் நீதிபதி அருணா ஜெகதீசன் ஆணையம் எழுதியது. வதந்தி எங்கிருந்து கிளம்பியது என்று இப்போது சொல்லுங்கள்.

மூன்று மாவட்டங்களை இருட்டாக்க ஓர் ஆணையும் சில தொலைபேசி அழைப்புகளும் போதுமானதாக இருந்தன. எந்த டெண்டரும் தள்ளிப்போகவில்லை, ‘நிதி ஒதுக்கீடு பரிசீலனையில் உள்ளது’ என்ற பதில் வரவில்லை. இந்த அரசுகளுக்கு வேகமாக வேலை செய்யத் தெரியாது என்று இனி யாரும் சொல்லாதீர்கள். முடக்குவதில் இருக்கும் வேகம் காப்பதில் இல்லை, அவ்வளவுதான்.

இத்தனைக்கும் சட்டம் இருக்கிறது. சட்டத்தின் லட்சணத்தையும் பாருங்கள். 2022 ஏப்ரலில் செர்ட்-இன் ஒரு கட்டளை போட்டது. தாக்குதல் நடந்தது தெரிந்தால் ஆறு மணி நேரத்துக்குள் எங்களிடம் சொல்ல வேண்டும், பதிவேடுகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும், விபிஎன் நிறுவனங்கள் வாடிக்கையாளர் விவரத்தை ஐந்தாண்டு வைத்திருக்க வேண்டும். நல்லது. ஆறு மணி நேரத்தில் செர்ட்-இன்னுக்குத் தெரிந்துவிடும். அதன் பிறகு எனக்கும் உங்களுக்கும் எப்போது தெரியும்? அதற்குக் கெடு கிடையாது. சரி, நாமே கேட்டுத் தெரிந்துகொள்ளலாம் என்றால், கோவின் விவகாரம் நடந்த அதே 2023இல், நவம்பர் மாதம், செர்ட்-இன்னைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் வரம்பிலிருந்து விலக்கிவிட்டார்கள். கண்ணாடியை உடைத்துவிட்டால் முகத்தில் கரி இல்லை.

அதே ஆண்டு ஆகஸ்டில் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியது. தகவலைக் காக்கத் தவறினால் 250 கோடி ரூபாய் வரை அபராதம், பாதிக்கப்பட்ட ஒவ்வொருவருக்கும் தெரிவிக்க வேண்டும் என்கிறது. படித்ததும் கைதட்டத் தோன்றும். 17ஆம் பிரிவு வரை பொறுத்திருங்கள். இறையாண்மை, நாட்டின் பாதுகாப்பு, பொது ஒழுங்கு என்று காரணம் காட்டி, தனக்கு வேண்டிய அரசு அமைப்புக்கு ஓர் அறிவிக்கையில் விலக்குக் கொடுக்க மத்திய அரசுக்கு அதிகாரம் அங்கே இருக்கிறது. நாட்டிலேயே அதிகமான ஆட்களின் அதிகமான தகவலை வைத்திருப்பது யார்? அவர்களுக்குத் தப்பிக்கும் வழி சட்டத்துக்குள்ளேயே கட்டப்பட்டிருக்கிறது. போகிற வழியில் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் ஒரு பிரிவையும் திருத்திவிட்டுப் போனார்கள். தனிமனிதனின் அந்தரங்கத்தைக் காப்பதற்காகவாம்.

வேறு மாதிரி நடந்துகொள்ள முடியாதா என்று கேட்பவர்களுக்கு ஒரே ஓர் உதாரணம். எஸ்தோனியா, மக்கள்தொகை 13 லட்சம் போல. அங்கே அடையாள அட்டையில் உள்ள சிப்பை வைத்துத்தான் வங்கி, வரி, மருந்துச் சீட்டு, வாக்கு எல்லாம். 2017 ஆகஸ்ட் 30 அன்று, அந்தச் சிப்பில் குறை இருக்கிறது என்று வெளிநாட்டு ஆய்வாளர்கள் குழு ஒன்று தெரிவித்தது. சுமார் 7.5 லட்சம் அட்டைகள் பாதிக்கப்படும். இத்தனைக்கும் அதுவரை யாருடைய தகவலும் திருடு போனதாகத் தெரியவில்லை, அக்டோபரில் உள்ளாட்சித் தேர்தல் வேறு. மறுப்பதற்கு இதைவிட வசதியான சந்தர்ப்பம் வாய்க்காது. செப்டம்பர் 5 அன்று பிரதமரே பத்திரிகையாளர்களைக் கூப்பிட்டு, எங்கள் அட்டையில் குறை இருக்கிறது, சரிசெய்து கொண்டிருக்கிறோம் என்று சொன்னார். சொன்ன ஆய்வாளர்கள் மீது எஃப்.ஐ.ஆர் இல்லை. நவம்பரில், புதுப்பிக்காத அட்டைகளின் சான்றுகளை நிறுத்திவைத்தார்கள். அரசு கவிழவில்லை, அட்டையை மக்கள் தூக்கி எறியவும் இல்லை. அவர்களுக்கு ஆறு நாள், நமக்கு 56 நாள், அதுவும் ஒரு நாள் பொய்யோடு சேர்த்து.

பாஸ்வேர்ட் போனால் மாற்றிக்கொள்ளலாம். ஏடிஎம் அட்டை போனால் வேறு அட்டை வாங்கலாம். கைரேகையை மாற்ற முடியாது, பிறந்த தேதியை மாற்ற முடியாது, தாய் தகப்பன் பெயரை மாற்ற முடியாது. இவற்றையெல்லாம் ரேஷன் அரிசிக்காகவும் பென்ஷனுக்காகவும் கேஸ் மானியத்துக்காகவும் கொடு என்று கேட்டு வாங்கியது அரசு. கொடுக்காமல் இருக்கும் சுதந்திரம் ஏழைக்குக் கிடையாது. இயந்திரத்தில் பத்து விரலையும் வைத்து அழுத்திவிட்டு வந்த கிழவிக்கு, அந்த ரேகை பத்திரமாக இருக்கிறதா இல்லையா என்று தெரிந்துகொள்ளும் உரிமை உண்டு. அதை அவளிடம் சொல்ல வேண்டிய கடமை, வாங்கியவனுக்கு உண்டு. எந்தத் தேதியில் உங்களுக்குத் தெரிந்தது? யார் யாருடைய தகவல் போயிற்று? எந்த அதிகாரி பொறுப்பு? இந்த மூன்றுக்கும் பதில் சொல்லாத எந்த மந்திரிக்கும், எங்கள் தகவல் பத்திரமாக இருக்கிறது என்று எங்களிடம் சொல்ல யோக்கியதை கிடையாது.